கால் சுற்றுத் தளர்ந்த மூடி

மே 4, திங்கள்

ஆய்வகக் குறிப்பேட்டில் கருத்து எழுதக் கூடாதாம். "சென்ட்ரிஃபியூஜ் இன்றும் கழுதையாகக் கத்துகிறது, இதை வாங்கியவரைச் சொல்ல வேண்டும்" என்று போன வாரம் எழுதியிருந்தேன். வாங்கியவர் இந்துமதி மேடம்தான். என் நெறியாளர்.

"சார், அதுல என்ன செஞ்சீங்களோ அதை மட்டும் எழுதுங்க. என்ன நினைச்சீங்கங்கிறதை வேற எங்கயாவது எழுதிக்கோங்க" என்றார். ஆகவே இந்த டைரி. எங்கள் கல்லூரி வெள்ளிவிழாவுக்குக் கொடுத்தது. பாதிப் பக்கங்கள் காலியாகவே கிடக்கின்றன.

முதல் பக்கத்தில் பெயர் எழுதுவது முறை. ஜெபசிங். வயது நாற்பத்தேழு. தூத்துக்குடியில் இருபத்திரண்டு வருடமாக விலங்கியல் நடத்துகிறவன். முனைவர் பட்டத்துக்காக இரண்டு வருட விடுப்பில் திருநெல்வேலிக்கு வந்து, ஓர் அறையில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருக்கிறேன். மனைவி எஸ்தர் ஊரில் பள்ளிக்கூட வேலையில் இருக்கிறாள். ஜூன் முப்பதோடு விடுப்பு முடிகிறது.

மேடம் என்னைவிட ஒன்பது வயது இளையவர். அவர் என்னை "சார்" என்பார், நான் அவரை "மேடம்" என்பேன். அவர் வந்தால் நான் எழுந்து நிற்பேன், நான் வந்தால் அவர் எழுந்து நிற்பார். "ரெண்டு பேரும் உக்காருங்களேன், பாத்து பாத்து எனக்குக் கழுத்து வலிக்கி" என்பாள் சபீனா. அவள் இங்கே நான்காம் வருட ஆராய்ச்சி மாணவி. காயல்பட்டினம். வாய் கொஞ்சம் நீளம், வேலை சுத்தம்.

மே 6, புதன்

என் ஆராய்ச்சி என்னவென்று எஸ்தரின் தங்கை போனில் கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், நன்றாகவே சொன்னேன்.

கொடுவா மீன் கடலிலும் வாழும், ஆற்றிலும் ஏறும். உடம்பில் உப்பும் தண்ணீரும் சரியாக இருக்க அதற்குள் ஹார்மோன்கள் ஓடுகின்றன. ஹார்மோன் வந்து தட்டுவதற்கு ஒவ்வொரு செல்லின் தோலிலும் ஏற்பி என்ற புரதம் இருக்கிறது. தட்டினால் உள்ளே செய்தி போகும். இந்த வகை ஏற்பி மனிதர்களிடமும் உண்டு. ஆனால் மனித ஏற்பிக்குத் தனியாக இருக்கத் தெரியாது. துணைப் புரதம் என்று ஒரு சின்னப் புரதம் அதைச் செல்லின் உள்ளேயிருந்து தோல்வரை கூட்டி வந்து பக்கத்திலேயே உட்கார வேண்டும். துணை இல்லாவிட்டால் ஹார்மோன் எத்தனை தட்டினாலும் பதில் இல்லை. எந்தத் துணை வருகிறதோ, அதைப் பொறுத்து எந்த ஹார்மோனுக்குப் பதில் சொல்வது என்பதும் மாறும்.

நான் கண்டுபிடித்தது: கொடுவாவின் ஏற்பிக்குத் துணையே தேவையில்லை! துணைப் புரதம் எதுவும் இல்லாத குரங்குச் சிறுநீரகச் செல்லாகத் தேர்ந்தெடுத்து, அதில் கொடுவாவின் ஏற்பியை மட்டும் வைத்து, ஹார்மோனை விட்டேன். செய்தி உள்ளே போனால் செல் ஒளிர வேண்டும், அதற்காக மின்மினிப் பூச்சியின் ஜீன் ஒன்றும் உள்ளே இருக்கிறது. ஒளிர்ந்தது. இயந்திரம் நாற்பதாயிரம் என்று எண்ணிச் சொன்னது. ஹார்மோன் இல்லாவிட்டால் தொள்ளாயிரம்.

ஆய்வேட்டின் தலைப்பு: "துணைப் புரதமின்றித் தனித்தியங்கும் கொடுவா ஏற்பி." தலைப்பை நினைத்தாலே நெஞ்சு நிமிர்கிறது.

"அத்தானை மாதிரியே ஒரு மீனு" என்றாள் கொழுந்தியாள். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மே 7, வியாழன்

காலையில் செல்கள் வளரும் இன்குபேட்டரைத் திறந்தால் என் குடுவையின் மூடி ஆடுகிறது. செல்களுக்குக் காற்றுப் போக மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அதற்காக இப்படியா? பூஞ்சை புகுந்தால் யார் பொறுப்பு? சற்றே இறுக்கி வைத்தேன்.

மே 8, வெள்ளி

இன்றும் தளர்ந்திருந்தது. சற்றே இறுக்கினேன். இந்த இன்குபேட்டர் அதிர்கிறது என்று நினைக்கிறேன்.

மே 10, ஞாயிறு

தூத்துக்குடியில். ஆராதனை முடிந்து வந்தால் எஸ்தர் ஊறுகாய் பாட்டிலோடு எதிர்வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். "போன வாரம் நீங்க மூடி வெச்சது. நானும் பாத்துட்டேன், பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் பாத்துட்டாரு. இப்ப எதுத்த வீடு" என்றாள்.

சற்றே மூடியதுதான்.

மே 12, செவ்வாய்

ஜூன் 19 அன்று ஆய்வுக் குழு கூடுகிறது. ஒரே சோதனையை மூன்று முறை செய்து ஒரே விடை வந்திருக்க வேண்டும். இரண்டு முடிந்தது. மூன்றாவதையும் முடித்துக் காட்டினால் பட்டத்துக்கு அனுமதி. இல்லாவிட்டால் ஜூலை ஒன்றாம் தேதி வெறுங்கையோடு கல்லூரிக்குப் போய், "என்ன சார், டாக்டர்னு போர்டு மாத்திரலாமா?" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்.

உள்ளதைச் சொன்னால் என் செல்கள் இரண்டு தடவை செத்திருக்கின்றன. பிப்ரவரியில் ஒன்று, மார்ச் தொடக்கத்தில் ஒன்று. செல்கள் வளரும் திரவத்தில், அதாவது மீடியத்தில் கோளாறு. "மூணாவது தடவை ஆச்சுன்னா செல் வளக்குற வேலைய நிறுத்திருவோம் சார்" என்று மேடம் நயமாகச் சொன்னார். நிறுத்தினால் பிறகு என்ன ஆய்வு, என்ன பட்டம்? ஆனால் மார்ச் நடுவிலிருந்து என் செல்கள் என்னமாய் வளர்கின்றன! வேலை கைக்கு வந்துவிட்டது. ஒளிர ஆரம்பித்ததும் அதன் பிறகுதான்.

மே 14, வியாழன்

சபீனா இரண்டு வார விடுப்பில் போகிறாள். அவள் ராத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, கல்யாணம்.

பையைத் தோளில் மாட்டியவள் வாசலில் நின்றாள். "சார், நான் இல்லாதப்ப உங்க மூடிய மட்டும் பாத்துக்கோங்க."

"நீ கவலைப்படாமப் போ. நல்லா டைட்டா பாத்துக்கிடுதேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, மஞ்சள் தாளில் "மூடி!!!" என்று எழுதி இன்குபேட்டர் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள். ஆச்சரியக்குறி ஒன்று போதும். இரண்டை அடித்துவிட்டேன்.

மே 18, திங்கள்

மீடியம் வழக்கம்போலச் சிவப்பாக இல்லை. கொஞ்சம் ஊதா. என் கண்ணாடியை மாற்ற வேண்டும்.

மே 19, செவ்வாய்

கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது. செல்கள் எல்லாம் செத்து மிதக்கின்றன.

மேடம் வெள்ளிக்கிழமைவரை பெங்களூரில். இது மூன்றாவது தடவை. யாரும் பார்ப்பதற்கு முன் குடுவையைக் கழுவி, திரவ நைட்ரஜன் தொட்டியிலிருந்து என் பெயர் போட்ட குப்பி ஒன்றை எடுத்து உருக்கினேன். இரண்டு வருடத்துக்கு முன் நான் வந்த அன்று உறைய வைத்த அதே குரங்குச் செல்கள்.

மே 21, வியாழன்

புதிய செல்கள் ஒட்டிக்கொண்டன, தோத்திரம். பயத்தில் ஒரு மணிக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறேன். மைக்ராஸ்கோப்பின் கீழ் பழையவை போலவேதான் இருக்கின்றன.

மே 25, திங்கள்

மூன்றாவது சோதனை. ஏற்பி வைத்தேன். ஹார்மோன் விட்டேன். தொள்ளாயிரத்து இருபது.

இயந்திரத்தை அணைத்துப் போட்டேன். தொள்ளாயிரத்துப் பதினைந்து.

மே 27, புதன்

எல்லாம் புதிதாக. ஹார்மோன் புதிது. மின்மினி ஜீன் வேலை செய்கிறது, வேறு மருந்து விட்டுப் பார்த்தால் பளிச்சென்று எரிகிறது. என் ஏற்பிதான் பேச மாட்டேன் என்கிறது. ஒரே கை, ஒரே மீன், ஒரே செல். இரண்டு முறை பாடியவன் மூன்றாம் முறை வாயைத் திறக்கவில்லை.

சோறு இறங்கவில்லை. எஸ்தரிடம் சொல்லவில்லை. "குரல் ஒரு மாதிரி இருக்கே" என்றாள். சளி என்றேன்.

மே 28, வியாழன்

சபீனா வந்துவிட்டாள். கையில் பெரிய டின் நிறையத் தம்மடை. ரவையும் முட்டையும் போட்டு அவர்கள் ஊரில் செய்வது, அமிர்தம். நான்கு துண்டு தின்றபின்தான் துக்கம் நினைவுக்கு வந்தது. சொன்னேன்.

"எந்த செல்லு சார்?"

"பழசு செத்துப் போச்சும்மா. மேடம்கிட்ட சொல்லிராத. புதுசா ஒரு குப்பி எடுத்தேன்."

அவள் முகம் சுண்டிவிட்டது. கையில் இருந்த தம்மடையைக் கடிக்காமல் டின்னுக்குள்ளேயே வைத்தாள். ராத்தாவைப் பிரிந்த வருத்தமாக இருக்கும். எறும்பு ஏறாமல் டின்னை நானே மூடி வைத்தேன்.

மே 29, வெள்ளி

தம்மடை டின்னைத் திறக்க முடியவில்லை. அடுத்த ஆய்வகத்திலிருந்து ஸ்பேனர் கொண்டுவந்தார்கள்.

ஜூன் 1, திங்கள்

"சார், ஒண்ணு சொல்லட்டுமா? என் செல்லுல கொஞ்சம் தாரேன். அதுல ஒரு தடவை பண்ணிப் பாருங்களேன்" என்றாள் சபீனா.

அவளுடைய ஆராய்ச்சியே துணைப் புரதங்கள். கொடுவாவிலிருந்து மூன்று துணைப் புரதங்களை எடுத்து, அதே குரங்குச் செல்லில் ஒவ்வொன்றையும் நிரந்தரமாகக் குடிவைத்து, மூன்று குடுவைகளில் வளர்க்கிறாள். துணையோடு இருக்கிற செல்லில் துணை வேண்டாத ஏற்பியைச் சோதிக்கச் சொல்கிறாள். கோபம் வந்துவிட்டது.

"கதவுல முதல் விதி என்ன ஒட்டியிருக்கு? ஒருத்தர் குடுவைய இன்னொருத்தர் தொடக் கூடாது. எனக்கு யார் செல்லும் வேண்டாம்."

அவள் தன் குடுவைகளிடமே திரும்பிப் போய்விட்டாள். அவளுக்கு வாய் இருக்கிறதா என்றே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஜூன் 3, புதன்

மேடத்திடம் ஒளிர்வு வரவில்லை என்று மட்டும் சொன்னேன். செல்கள் செத்ததைச் சொல்லவில்லை. "ஏற்பி தோலுக்கு வந்திருக்கான்னு பாருங்க சார்" என்றார். பச்சைச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். ஏற்பி முழுவதும் செல்லின் நடுவிலேயே குவிந்து கிடக்கிறது. ஒன்றுகூட வெளியே வரவில்லை. கூட்டிவர ஆள் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் மார்ச்சில் மட்டும் எப்படி வந்தது?

ஜூன் 5, வெள்ளி

மேடம் வகுப்பெடுக்கப் போயிருந்தார். சபீனா என் எதிரில் வந்து உட்கார்ந்து, மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சார், மார்ச் பதினஞ்சு, ஞாயித்துக்கிழமை. என் செல்லுக்குத் தீனி போட வந்தேன். உங்க குடுவையப் பாத்தா ஊதா. எல்லாம் செத்துக் கிடக்கு. மூடிய நீங்க இறுக்கி வெச்சிருந்தீங்க சார். முதல் ரெண்டு தடவையும் அதேதான், மீடியம் இல்ல. மூணாவது தடவைன்னா மேடம் உங்களை அனுப்பிருவாங்க. நீங்க ஊர்ல சர்ச்ல இருப்பீங்க, திங்கக்கிழமை வந்து இதைப் பாத்தா எப்பிடி இருக்கும்னு நெனச்சேன். என் செல்லைக் கொஞ்சம் உங்க குடுவைல போட்டுட்டேன்."

"எந்தச் செல்லு?"

"அன்னைக்கு நெறைய வளந்திருந்தது ரெண்டாம் நம்பர் துணைதான். பழசை உருக்கி வளத்துத் தர நாலஞ்சு நாள் ஆகும். நீங்க அந்த வாரம் சும்மா செல்லு வளக்கப் பழகத்தான் செய்வீங்க, பெறவு மாத்தி வெச்சிரலாம்னு இருந்தேன். நீங்க செவ்வாக்கிழமையே ஏற்பியப் போட்டுட்டீங்க. நாப்பதாயிரம்னு குதிச்சீங்க. எல்லாருக்கும் லட்டு வாங்கிக் குடுத்தீங்க. அதுக்கப்புறம் எனக்குச் சொல்ல வரல சார்."

"தினமும் மூடி தளந்திருந்ததே..."

"நான்தான். நீங்க போனதும் தளத்திருவேன். காலைல நீங்க இறுக்குவீங்க."

அழுதாள். தம்மடை டின்னை அவள் பக்கம் நகர்த்தினேன். காலியாக இருந்தது.

துணையே வேண்டாத என் ஏற்பிக்கு அருகில் இரண்டு மாதத்துக்கு மேலாக ஒரு துணை உட்கார்ந்திருந்திருக்கிறது. மார்ச் பதினேழாம் தேதி வாங்கிய லட்டு நூற்றிருபது. அவமானமாக இருக்கிறது. ஆனால் கோபம் வரவேண்டிய இடத்தில் அது வரவே இல்லை.

ஜூன் 6, சனி

பேருந்தில் ஊருக்கு வரும்போது ஒரு யோசனை. யாருக்கும் தெரியாது. சபீனாவின் இரண்டாம் குடுவையிலிருந்து கொஞ்சம் எடுத்து என் குடுவையில் போட்டால் அடுத்த வாரமே நாற்பதாயிரம் வந்துவிடும். மூன்று முறை ஆயிற்று. குழு கையெழுத்துப் போடும். சபீனாவும் தப்பிப்பாள், நானும் டாக்டர். வல்லநாடு தாண்டும்வரை இந்த யோசனை மிகவும் நியாயமாகத் தெரிந்தது.

வீட்டில் கொடுவாக் குழம்பு. எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சிரித்தாள். "மூடியா? மூடியிலயா போச்சு?" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளைக்கு எவ்வளவு பயமா இருந்திருக்கும். மூணு மாசமா உங்க பின்னாலயே வந்து மூடியத் தளத்திருக்கு" என்றாள்.

பேருந்து யோசனையையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "குழம்பு ஆறுது, சாப்பிடுங்க" என்றாள்.

கொடுவாவின் செவுளைத் தட்டில் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். துணையில்லாமல் இயங்குகிறது என்று நான் அச்சடித்தால், நாளைக்கு எவனோ ஒருவன் அதை நம்பி இரண்டு வருடத்தைத் தொலைப்பான். அவனுக்கும் வயது நாற்பத்தேழாக இருந்தால்?

ஜூன் 8, திங்கள்

இருவருமாக மேடத்தின் அறைக்குப் போனோம். அவர் எழுந்து நின்றார். நாங்களும் நின்றோம். நான் சொன்னேன். என் சாவுகளையும் சேர்த்து, மூன்றல்ல, நான்கு.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. என் குறிப்பேட்டை வாங்கி, மார்ச் பதினைந்திலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டார். அறுபத்தொரு பக்கம். நாங்கள் நின்றுகொண்டே பார்த்தோம். முடிந்ததும் சபீனாவிடம் சொன்னார்:

"நீ இரக்கப்பட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. எழுதாம விட்டே பாரு, அதுக்குத்தான். அன்னைக்கே ஒரு வரி எழுதியிருந்தா இந்த அறுபத்தொரு பக்கமும் உயிரோட இருந்திருக்கும்."

என்னிடம்: "சார், குழுவுக்குப் பதினோரு நாள் இருக்கு. உறைய வெச்ச செல்லுல இருந்து தொடங்குங்க. ஏற்பி தனியா ஒண்ணு, மூணு துணையில ஒவ்வொண்ணோடயும் ஒண்ணு, ஆக நாலு. ரெண்டு ஹார்மோன். துணை ஜீனைச் சபீனா பெட்டில எடுத்து வெச்சிருவா, செல்லுல போடுறது நீங்க. உங்க குடுவைய அவ தொடக் கூடாது, நீங்க உள்ள இருக்கிறப்ப அவ அந்த அறைக்கே வரக் கூடாது. நடந்ததைக் குழுகிட்ட மறைக்க மாட்டேன். உங்க கையில சரியான விடை வந்தா, தப்பு நடந்துச்சு, கண்டுபிடிச்சோம், திருத்திட்டோம்னு சொல்லலாம். வரலைன்னா தப்பை மட்டும்தான் சொல்ல முடியும். சபீனாவோட உதவித்தொகைய அவங்க நிறுத்துவாங்க. என்னால தடுக்க முடியாது."

வெளியே வந்ததும் சபீனா, "சார், நீங்க கவலைப்படாதீங்க" என்றாள். என் செல்களின் வரலாறு தெரிந்தவள் சொல்கிறாள்.

கதவில் முதல் விதிக்குக் கீழே மேடம் இரண்டாம் விதி ஒட்டியிருக்கிறார்: தொட்டே ஆக வேண்டுமென்றால், தொட்டதை எழுதவும்.

ஜூன் 9, செவ்வாய்

குப்பி உருக்கியாயிற்று. மூடியை எண்ணிக் கால் சுற்றுத் தளர்த்தினேன். அறையை விட்டு வெளியே வந்தேன். ஏதோ தோன்றித் திரும்பிப் போய்ப் பார்த்தால் இறுக்கமாக இருக்கிறது. சத்தியமாக நான் இறுக்கியது எனக்கே தெரியவில்லை. கையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நாற்பத்தேழு வருடமாக என்னோடு இருக்கிற கை.

ஜூன் 10, புதன்

மார்க்கரால் மூடியில் ஒரு கோடு, கழுத்தில் ஒரு கோடு. இரண்டும் சந்திக்கக் கூடாது. மாலையில் பார்த்தேன், ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. தளர்த்தினேன்.

எஸ்தர் போனில் ஒரு வழி சொன்னாள்: "இடது கையால மூடுங்க. உங்க இடது கைக்குத் தோசைகூடத் திருப்ப வராது."

ஜூன் 11, வியாழன்

மனைவி சொன்னது சரி. இடது கையால் இறுக்கவே முடியவில்லை. வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வேலை செய்கிறேன். மேடம் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு ஏதும் கேட்காமல் போனார்.

மீடியம் சிவப்பு. நல்ல சிவப்பு.

ஜூன் 13, சனி

ஊருக்குப் போகவில்லை. எஸ்தர் பேருந்தேறி வந்தாள். அறையில் இருந்த டப்பாக்களையெல்லாம் தளர்த்தி வைத்து என்னைப் பழக்கினாள். சீனியில் எறும்பு, வற்றலில் எறும்பு. நான் ஒன்றையும் இறுக்கவில்லை. இருபத்தோரு வருடத் தாம்பத்தியத்தில் இதுதான் சாதனை என்று தன் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள்.

ஜூன் 14, ஞாயிறு

சிவப்பு. ஜீன்களை ஏற்றிவிட்டேன்.

ஜூன் 16, செவ்வாய்

ஹார்மோன் விட்டு, செல்கள் இருக்கிற குழித் தட்டை இயந்திரத்தில் வைத்தேன். உள்ளே நான் மட்டும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே சபீனா. உள்ளே வரக் கூடாது என்பதால் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

ஏற்பி தனியாக: தொள்ளாயிரத்துப் பத்து. எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் கொஞ்சம் வலித்தது.

முதல் துணையோடு: ஆயிரத்து இருநூறு.

இரண்டாம் துணையோடு: முப்பத்தெட்டாயிரம்!

காகிதத்தில் பெரிதாக எழுதிக் கண்ணாடியில் வைத்துக் காட்டினேன். சபீனா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு விரலால் காகிதத்தைச் சுட்டி, இன்னும் இன்னும் என்று கை காட்டினாள். மூன்றாம் துணை பாக்கி. அதே ஹார்மோனுக்கு இரண்டாயிரம், அவ்வளவுதான். ஆனால் இரண்டாவது ஹார்மோனை விட்ட குழியில் நாற்பத்தொன்றாயிரம்.

நான் காகிதத்தைத் திருப்பி எழுதுவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏற்பி ஒன்றுதான். இரண்டாம் துணை பக்கத்தில் இருந்தால் ஒரு ஹார்மோனுக்குப் பதில் சொல்கிறது, மூன்றாம் துணை இருந்தால் இன்னொன்றுக்கு. ஒருவேளை கடலில் இருக்கும்போது ஒரு துணையும் ஆற்றுக்கு ஏறும்போது வேறு துணையுமோ? தெரியாது. பார்க்க வேண்டும். என் பழைய தலைப்பு இனி எதற்கும் ஆகாது. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஆச்சரியமாக இருக்கிறது.

சபீனா கதவுக்கு வெளியே குதித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே குதித்தேன். சத்தம் கேட்டு மேடம் வந்தார். காகிதத்தைப் படித்தார். "சார், மறுபடியும் பண்ணுங்க. இன்னும் ரெண்டு தட்டு" என்று சொல்லிவிட்டுத் திரும்பியவர், நடைக்கோடியில் ஒரு முறை குதித்ததை நான் பார்த்தேன்.

ஜூன் 18, வியாழன்

இரண்டாம் தட்டு, மூன்றாம் தட்டு. அதே விடை. வலது கை இன்னும் பைக்குள்ளேயே இருக்கிறது.

ஜூன் 19, வெள்ளி

குழு. வெளியிலிருந்து வந்த பேராசிரியர் சிவப்புக் கோடு போட்ட அறுபத்தொரு பக்கங்களையும் ஒன்றுவிடாமல் புரட்டினார்.

"இதை ஏன் கிழிக்கல?"

"நடந்தது சார்" என்றேன்.

"மூடியிலயா போச்சு?"

"மூடியிலதான் சார்."

எஸ்தரைப் போலவே சிரித்தார். பிறகு சபீனாவை உள்ளே கூப்பிட்டார்கள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவள் கோப்பில் இருக்கும். உதவித்தொகை தொடரும். தலைப்பை மாற்ற அனுமதி, எனக்கு மூன்று மாத நீட்டிப்புக்குப் பரிந்துரை. எங்கள் கல்லூரி முதல்வர் போனில், "மீனு நல்ல மீனாத்தான் இருக்கு, இருந்து முடிச்சிட்டு வாங்க" என்றார். புதிய தலைப்பில் "துணை" என்ற சொல் இரண்டு தடவை வருகிறது.

லட்டு வாங்கினேன். சபீனா அரக்கப்பறக்கத் தன் செல்களுக்குத் தீனி போட்டுவிட்டு ஓடி வந்து மூன்று லட்டு தின்றாள். ராத்தாவிடம் போனில் கத்திப் பேசினாள். வாய் திரும்பி வந்துவிட்டது.

ஜூன் 20, சனி

காலை வண்டியில் ஊருக்கு வந்துவிட்டேன். ஊறுகாய் பாட்டிலை எஸ்தர் முதல் முயற்சியிலேயே திறந்தாள்.

ஜூன் 21, ஞாயிறு

பள்ளிக்கூட வேலையாக எஸ்தர் நாளைக் காலையிலேயே கிளம்ப வேண்டுமாம். அதனால் நான் இன்றைக்கே திருநெல்வேலிக்குத் திரும்பிவிட்டேன். மாலையில் ஒரு நடை ஆய்வகம் போய் வந்தேன். யாரும் இல்லை.

இன்குபேட்டரைத் திறந்தேன். என் குடுவையின் மூடி நான் விட்டபடியே இருந்தது, இரண்டு கோடுகளுக்கு நடுவே கால் சுற்று இடைவெளி. பக்கத்தில் சபீனாவின் குடுவைகள் மூன்று. ஒன்று, மூன்று சரி. இரண்டாம் குடுவையின் மூடி நன்றாக இறுகியிருந்தது. லட்டு அவசரம். மீடியம் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது, ஓரத்தில் மட்டும் லேசாக ஊதா.

முதல் விதியைப் படித்தேன். பிறகு இடது கையால் கால் சுற்றுத் தளர்த்தினேன். இரண்டாம் விதிக்காக மேடம் வைத்திருக்கிற பொதுக் குறிப்பேட்டை எடுத்து எழுதினேன்: "ஜூன் 21, மாலை 5.10. சபீனாவின் இரண்டாம் குடுவை. மூடி இறுகியிருந்தது. தளர்த்தினேன். ஜெபசிங்." கருத்து எதுவும் சேர்க்கவில்லை.

எழுதி முடித்த பிறகுதான் மேலே இருந்த வரியைக் கவனித்தேன். அவள் கையெழுத்து.

"ஜூன் 20, காலை 9.30. ஜெபசிங் சார் குடுவையைப் பார்க்க மட்டும் வந்தேன். மூடி சரியாக இருந்தது. தொடவில்லை. சபீனா."